முத்தும் தாளும்: பழைய சித்திரக்கதை நூல்கள் விலைபெற்ற வரலாறு

புன்னைக்காயல் என்று ஏட்டில் எழுதப்படுவதும் புன்னக்காயல் என்று ஊரார் வாயில் வழங்குவதுமாகிய கடற்கரையூர், பொருநையாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் முத்துக்குளித்துறையின் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஊர் இது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வூரைக் குறிப்பிடாமல் மேற்செல்வதில்லை. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு நம் வட்டாரத்தையும் அச்சுத்தொழிலையும் இணைத்து ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, அண்டிரிக் அடிகளாரைப் பற்றி எழுதித் தருவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அடிகளாரும் இக்கட்டுரையில் வருவார். எனினும் நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. சிறுவர்கள் வாசித்துக் கிழித்து எறிந்த படக்கதைப் புத்தகங்கள் இன்று கணினிவழி ஏலங்களில் என்ன விலைக்குப் போகின்றன, அவ்விலை எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது, அம்முறை எங்கிருந்து வந்தது என்பனவே என் வினாக்கள்.

கவிஞர் பெருமக்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இரும்புக்கை மாயாவிக்கும் இலக்கிய வட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கவும் கூடும். தாளில் அச்சான ஒன்று எப்போது குப்பையாகிறது, எப்போது கருவூலமாகிறது என்பது கவிதை நூல் வெளியிட்டுக் கட்டுக் கட்டாக வீட்டில் அடுக்கி வைத்திருப்போர் அனைவரையும் தொடும் வினாவே என்பது என் விடை.

முத்துக்கு விலை வைத்த முறை

விலை மதிப்பீடு என்னும் கலையை இக்கரைக்கு எவரும் வெளியிலிருந்து கற்பிக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவைக் காட்டும் இளங்கோவடிகள், காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் நேரும் குற்றங்கள் நீங்கிய முத்துகளைத் தனித்துச் சுட்டுகிறார். குற்றத்தைப் பெயரிட்டு அறிந்தவரே குற்றமற்றதற்கு விலை சொல்ல வல்லவர் என்னும் உண்மை அங்கேயே உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இறைவன் அணிகலன்களில் கோத்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என வகைபிரித்து எண்ணி எழுதியுள்ளன. நிறத்தைக் குளிர்ந்த நீர் என்றும் சிவந்த நீர் என்றும் குறிக்கின்றன. கோயில் கணக்கர் எழுதிய இச்சொற்களின் அழகு நம் புலவர்கள் பலருக்கு வாய்க்காதது என்றே சொல்வேன்.

பிற்காலத்தில் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்து வணிகர் கையாண்ட முறை இன்னும் நுட்பமானது. துளை பெரிதாக இருப்பது தொடங்கிச் சிறிதாக முடிவது வரை, இருபது, முப்பது, ஐம்பது என எண்ணிட்ட பித்தளைச் சல்லடைகளை அடுக்கி முத்தைச் சலித்தனர். கடைசிச் சல்லடையின் எண் ஆயிரம். இவ்வாறு பருமன் பிரித்த பிறகு உருட்சியும் ஒளியும் நோக்கினர். இரண்டும் நிறைந்தது ஆணி. ஒன்றில் சற்றே குறைந்தது அணதாரி. அதற்கும் கீழே கலிப்பு, மடங்கு எனப் படிகள் இறங்கி, தூள் என்பதில் முடியும். நிறை மஞ்சாடியில் அளக்கப்பட்டது. ஆயினும் விலை நிறையின் வழியே நேராக ஏறவில்லை. ‘செவ்வு’ என்னும் கணக்கின்படி நிறையின் வர்க்கத்தை ஒட்டியே அது ஏறிற்று. அதாவது இருமடங்கு நிறையுள்ள ஒரு முத்து, அதே தரத்துச் சிறு முத்தைப்போல நான்கு மடங்கு விலை பெறும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன். தாளின் விலையிலும் இதே போக்கைக் காணப்போகிறோம்.

இனி ஏலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடிக் கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பில், குளித்தெடுத்த சிப்பிகளை மூன்று பங்காக்கி இரு பங்கை அரசும் ஒரு பங்கைக் குளித்தோரும் கொண்டனர். அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடப்பட்டது. விற்கப்பட்டது முத்தன்று, திறவாத சிப்பி என்பதுதான் இங்குக் கவனிக்கத்தக்கது. உள்ளே ஆணி இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஆகவே ஏலத்துக்கு முன்னர் மாதிரிச் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வல்லுநர் மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு ஏறத்தாழ என்ன பெறும் என்று கணித்தனர். அக்கணிப்பு ஊரில் பரவப் பரவ விலை ஏறும். முதல்நாள் சிப்பி திறந்தவன் கை வெறுங்கையானால் மறுநாள் விலை இறங்கும். இவ்வகை அரசு முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு நின்றது.

புன்னைக்காயல் அச்சு

அண்டிரிக் அடிகளார் எனத் தமிழ்ப்படுத்தி வழங்கப்படும் என்றீக்கே என்றீக்கசு 1546இல் இந்தியா வந்தவர். இவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட பதினாறு பக்கச் சிறுநூல். அடுத்த ஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சாயிற்று. ‘அடியார் வரலாறு’ என்று தமிழில் சுட்டப்பெறும் ‘புளோசு சாங்தோரும்’ அறுநூறு பக்கங்களைக் கடந்த பெருநூல். 1586இல் புன்னைக்காயலில் அச்சானது என்று தமிழ் அச்சு வரலாற்றாசிரியர் கூறிவருவது இந்நூலையே. முத்துக் குளித்துப் பிழைத்த மக்கள் இவ்வச்சுப்பணிக்குப் பொருளுதவி செய்துள்ளனர். எனவே சிப்பியிலிருந்து வந்த பணமே முதல் தமிழ் ஈயெழுத்துகளின் பின்னே நின்றது எனலாம்.

அந்நூல்கள் என்னவாயின? ‘தம்பிரான் வணக்கத்தின்’ படி அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. ‘அடியார் வரலாற்றை’ வத்திக்கான் நூலகப் படியைக் கொண்டே இராசமாணிக்கம் அடிகள் 1967இல் பதிப்பித்தார். தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் அதனை வெளியிட்டது. அச்சான கரையில் ஒரு படியும் எஞ்சவில்லை. கடற்காற்று, கரையான், போர் எனப் பல காரணம் சொல்வர். இவற்றோடு இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். இவை பூட்டி வைக்கும் நூல்களல்ல, புழங்கிய நூல்கள். சிறுவர்க்கும் புதிதாக எழுத்தறிந்தோர்க்கும் பாடம் சொல்லிக் கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. ஒரு நூல் எவ்வளவு வாசிக்கப்படுகிறதோ அவ்வளவு விரைவில் அழியும். வாசிக்கப்படாத நூலே நூற்றாண்டுகளைக் கடந்து அலமாரியில் நிமிர்ந்து நிற்கும். பழைய நூல்களின் விலையை ஆராயும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய முரண் இது. சித்திரக்கதை நூல்களுக்கும் இதுவே நேர்ந்தது.

சிவகாசியிலிருந்து வந்த முத்து

படக்கதை தமிழர்க்குப் புதிதாக வந்தது சிவகாசியிலிருந்து அன்று. ‘தினத்தந்தி’யில் ‘கன்னித்தீவு’ 1960 முதல் நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. டைம்ஸ் ஆப் இந்தியா குழுமத்தின் ‘இந்திரஜால் காமிக்ஸ்’ 1964இல் தொடங்கி, வேதாளனையும் மந்திரவாதி மாண்டிரேக்கையும் இந்திய மொழிகள் பலவற்றுக்குக் கொணர்ந்தது. ஆயினும் தமிழ்ச் சிறுவனின் சட்டைப்பைக்குள் மடித்து வைக்கத்தக்க தனி நூலாக, தமிழ்ப் பெயரும் தமிழ் மிடுக்கும் கொண்ட ஒரு வரிசையாக இக்கலை நிலைபெற்றது ‘முத்து காமிக்ஸ்’ வழியாகவே. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் நிறுவிய இவ்வெளியீடு 1972 சனவரியில் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கியது. முல்லை தங்கராசன் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். நிறுவனத்தின் பெயரிலேயே முத்து அமைந்தது தற்செயலே. கட்டுரையாளருக்கு அது வாய்ப்பாயிற்று.

மாயாவியின் மூலம் ஆங்கிலேயச் சிறுவர் வார இதழாகிய ‘வேலியன்ட்’. 1962இல் தொடங்கிய அக்கதைக்கு ஓவியம் தீட்டியவர் எசுப்பானியரான ஏசு பிளாசுகோ. ஆய்வுக்கூட விபத்தில் கையிழந்து, எஃகுக் கை பொருத்தப்பட்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கைமட்டும் தெரிய உலவுகிறான். இலண்டனில் கருத்தும் மையுமாகப் பிறந்த இக்கதை சிவகாசியில் தமிழ் பேசியபோது, தெற்குச் சீமைப் பிள்ளைகளுக்கு லூயிஸ் கிராண்டேல் என்னும் அவனது இயற்பெயர் ஒரு பொருட்டாகவே இல்லை. மாயாவி நம்மூர்க்காரனாகிவிட்டான்.

1984 சூலை மாதம் இவ்வரலாற்றில் இருமுறை குறிக்கத்தக்கது. சிவகாசியிலிருந்து விசயன் ஆசிரியராக ‘லயன் காமிக்ஸ்’ வெளிவந்தது. அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ‘ராணி காமிக்ஸ்’ சேம்சு பாண்டு கதையோடு புறப்பட்டது. ‘ராணி’ 2005 வரை ஐந்நூறு இதழ்கள் கண்டது. ‘லயன்’, ‘முத்து’ இரண்டும் இடையிடையே தளர்ந்து, 2012இல் நூறு ரூபாய்ச் சிறப்பிதழோடு உயர்ந்த தாளில், வண்ணத்தில் மறுபிறவி எடுத்தன.

எண்பதுகளில் இவ்விதழ்களை விலைக்கு வாங்கியோரைவிட வாடகைக்கு எடுத்தோரே மிகுதி. எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையே நூலகம். இரவல் வாங்கிய இதழைப் பள்ளிப் புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்த தலைமுறை எங்களுடையது. பெண்பிள்ளைகளுக்கு இது தகாது என்று வீட்டில் சொல்வார்கள். தம்பியின் பெயரில் எடுத்து வருவோம்.

பழுதுகளின் இலக்கணம்

பழைய சித்திரக்கதைக்குத் தரம் வகுத்தவர் அமெரிக்கர். நாணயமும் அஞ்சல்தலையும் சேர்ப்போர் வழங்கிய சொற்களை இதற்கும் எடுத்துக்கொண்டனர். 1970இல் ஓவர்சிட்ரீட் என்பவர் வெளியிட்ட விலைக் கையேடு, இதழ் வாரியாக, தரம் வாரியாக விலை குறித்து அச்சுறுதி தந்தது. அக்கையேட்டின் முதற்பதிப்பே இன்று சேகரிப்பாளர் தேடும் பண்டமாகிவிட்டது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு தரச்சான்று நிறுவனம் 0.5 முதல் 10 வரை புள்ளியிட்டு, மதிப்பிட்ட நூலை ஒளிபுகும் நெகிழிப் பேழைக்குள் அடைத்து முத்திரையிடுகிறது. பேழையை உடைத்தால் சான்று செல்லாது. அதாவது விலை உயர உயர அந்நூலை எவரும் வாசிக்க இயலாது! இவர்கள் வழக்கில் ‘நன்று’ என்று பொருள்படும் தரம் பத்துக்கு இரண்டு புள்ளியே. நன்று என்று எழுதியிருந்தால் அட்டை கசங்கி, முதுகு நைந்த படி என்று கொள்ள வேண்டும். வணிகத்தின் மங்கல வழக்கு எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

தமிழ்ச் சித்திரக்கதைக்கு இவ்வாறு புள்ளியிடும் நிறுவனம் ஏதும் வேரூன்றவில்லை. சேகரிப்பாளர் கண்ணே துலாக்கோல். அவர்கள் நோக்கும் பழுதுகளை நான் கேட்டறிந்த அளவில் எழுதுகிறேன். முதலாவது முழுமை. முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கம் மூன்றும் இருக்க வேண்டும். நடுத்தாள் தையல்முள்ளிலிருந்து எளிதில் கழன்றுவிடுவதால் பக்கங்களை எண்ணாமல் விலை பேசுபவன் ஏமாறுவான். அடுத்து முள்ளின் துரு. நம் கடற்கரை ஈரத்தில் இரும்பு முள் ஓரிரு மழைக்காலத்திலேயே துருவேறி, சுற்றியுள்ள தாளைச் செம்பழுப்பாக்கித் தின்றுவிடும். உள்நாட்டுப் படிக்கும் கடற்கரைப் படிக்கும் விலை வேறுபடுவதற்கு இதுவே தலையாய காரணம். செய்தித்தாள் இனத்து மலிவான தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். இராமபாணப் பூச்சியின் துளைகள், கரையான் அரித்த விளிம்பு, எண்ணெய்க் கை பட்ட கறை, விடை எழுதி நிரப்பிய புதிர்ப் பக்கம், கத்தரித்த கூப்பன் என்று பட்டியல் நீளும்.

வாடகை நூலகத்தார் ஐந்தாறு இதழ்களை ஒன்றாய் அடுக்கி, ஓரம் வெட்டிச் சமனாக்கிக் கனத்த அட்டையில் கட்டி வைத்தனர். ஓரம் வெட்டுண்ட படி தரத்தில் தாழ்ந்தது. விலையும் பாதிக்குக் கீழே போகும். ஆனால் அக்கட்டு இல்லையேல் அவ்விதழ்கள் இன்றுவரை பிழைத்தே இருக்கமாட்டா. நாற்பது ஐம்பது ஆண்டு கடந்து நமக்குக் கிடைத்த முதற்கால ‘முத்து’ இதழ்களில் பல அவ்வாறு கட்டப்பட்டுக் காப்பாற்றப்பட்டவையே. காத்த கையையே பழுது என்று எழுதும் கணக்கு எனக்கு உடன்பாடன்று.

பெயரெழுத்தும் அவ்வாறே. என்னிடமுள்ள ஓர் இதழின் உள்ளட்டையில் பென்சிலால் எட்டுப் பேர் பெயரும், எதிரே வரவு வைத்த காசும் எழுதப்பட்டுள்ளன. ஒரு சிறுவன் தன் ஒரே புத்தகத்தை எட்டுத் தோழர்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். ஏல மதிப்பீட்டில் இது கறை. தமிழ் வாசிப்பு வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளர்க்கு இதனினும் நல்ல ஆவணம் வேறு எங்கே கிடைக்கும்?

ஒரு தரம், இரண்டு தரம்

நம் ஏலக்காரர் குரலில் ‘தரம்’ என்பது முறை என்னும் பொருளது. மதிப்பீட்டாளர் வாயில் அதே சொல் தகுதியைக் குறிக்கும். இரு பொருளும் ஒன்றையொன்று தொடும் இடமே ஏலம்.

கணினிவழி ஏலத்தின் முன்னோடியான ஈபே 1995இல் அமெரிக்காவில் தோன்றியது. அதில் முதலில் விற்பனையான பொருள் பழுதான ஓர் ஒளிக்கற்றைச் சுட்டி, 14.83 டாலருக்குப் போயிற்று. உடைந்ததற்கும் ஒருவன் உண்டு என்பதை அன்றே உலகம் கண்டுகொண்டது. இந்தியாவில் பாசி என்னும் தளத்தை 2004இல் வாங்கி இயங்கிய அதன் கிளை 2018இல் மூடப்பட்டது. அதன் பின் தமிழ்ச் சித்திரக்கதை ஏலம் பெரும்பாலும் முகநூல், வாட்ஸ்அப் குழுக்களுக்குக் குடிபெயர்ந்தது.

ஈபே முறையில் ஒருவர் தாம் தரவல்ல உச்ச விலையை மறைவாகப் பதிந்துவிடலாம். பிறர் கேட்குந்தோறும் கணினியே அவர் பொருட்டுச் சிறிது சிறிதாக ஏற்றிக் கேட்கும். முடிவில் வென்றவர் தருவது தம் உச்ச விலையன்று. இரண்டாமவர் கேட்டதற்குச் சற்று மேற்பட்ட விலை. ‘இரண்டாம் விலை’ ஏலத்தின் நுட்பத்தை வில்லியம் விக்ரி என்னும் பொருளியலறிஞர் 1961இல், நம் முத்துக்குளிப்பு நின்ற அதே ஆண்டில், ஆராய்ந்து எழுதினார். 1996இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு நூலின் விலையைத் தீர்மானிப்பவன் அதை வாங்குகிறவன் அல்லன், தோற்றுப்போன இரண்டாமவனே என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். ஆகவே பித்துப் பிடித்த ஒருவன் மட்டும் இருந்தால் விலை ஏறாது; இருவர் வேண்டும். ஆசை மிக்க ஒருவர் உச்ச விலைக்கு வாங்கிய இதழின் இன்னொரு படி அடுத்த மாதமே சரிபாதிக்குப் போவது இதனால்தான். முதலாமவருக்கு ஏற்கெனவே ஒரு படி கிடைத்துவிட்டதே!

1971இல் எண்ணெய் நிறுவனப் பொறியாளர் மூவர், கடலடி எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்து, ஏலத்தில் வென்றவரே பெரும்பாலும் மிகையாக மதிப்பிட்டவர் என்று காட்டினர். திறவாத சிப்பியை ஆயிரக்கணக்கில் கேட்டெடுத்த நம் வணிகர்க்கு இது பட்டறிவு. இன்றைய சேகரிப்பாளர் பழைய தாள் கடையிலிருந்து ‘கட்டாக’ வாங்கும்போதும் இதே நிலைதான். மேலே தெரியும் அட்டை நன்றாக இருக்கும், உள்ளே நடுப்பக்கம் இருக்குமா என்பது தெரியாது.

விலை குறிக்க விழைவோர்க்கு அனுபவமுள்ளோர் முதலில் சொல்வது, கேட்ட விலையைப் பார்க்காதே, விற்ற விலையைப் பார் என்பதே. ஒருவர் ஓர் இதழுக்குப் பல்லாயிரம் ரூபாய் என்று எழுதி மாதக்கணக்கில் தொங்கவிட்டிருக்கலாம்; அது விலையன்று, விருப்பம். அண்மையில் அதே இதழ், ஏறத்தாழ அதே தரத்தில், எத்தனைக்குக் கைமாறிற்று என்பதே சான்று. குறைந்த தொடக்க விலையில் ஏலத்தை விடுவது துணிவுள்ளவர் வழி. போட்டி கூடினால் நூல் தன் விலையைத் தானே காணும். 1938இல் பத்து சென்டுக்கு விற்ற ‘ஆக்சன் காமிக்ஸ்’ முதலிதழ் 2014இல் ஈபேயில் வெறும் 99 சென்டிலிருந்து தொடங்கி 32 இலட்சம் டாலரைக் கடந்தது. ஆள் வைத்து விலையேற்றும் கயமையும் உண்டு. மீன் ஏலம் பார்த்துப் பழகிய நம்மூரார் அதை எளிதில் கண்டுகொள்வர். மீனுக்குப் பொழுது சாயச் சாய விலை சாயும், தாளுக்கு மறுதலை. மற்ற சூழ்ச்சியெல்லாம் ஒன்றே.

தரத்தின் ஒரு புள்ளி விலையை எவ்வாறு தாவச் செய்கிறது என்பதில் நம் செவ்வுக் கணக்கு மீண்டும் தலைகாட்டுகிறது. தேய்ந்த படிக்கும் நடுத்தரப் படிக்கும் இடையே விலை வேறுபாடு சிறிது. நடுத்தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடையே அது பன்மடங்கு. மேலே சொன்ன ‘ஆக்சன்’ இதழின் 8.5 புள்ளிப் படியொன்று 2024இல் 60 இலட்சம் டாலர் பெற்றது. 1939இல் வெளிவந்த ‘சூப்பர்மேன்’ முதலிதழின் படியொன்று, தாயின் வீட்டுப் பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் மக்கள் கண்டெடுத்தது, 2025 நவம்பரில் 91 இலட்சம் டாலருக்கு மேல் போயிற்று.

இவற்றைக் கேட்டு வீட்டிலுள்ளதையெல்லாம் பொன்னென்று எண்ணிவிடலாகாது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கர் அவ்வாறு எண்ணினர். 1991இல் ‘எக்சு மென்’ முதலிதழ் எண்பது இலட்சம் படிகளுக்கு மேல் அச்சிடப்பட்டது. 1992இல் சூப்பர்மேன் இறக்கும் இதழை மக்கள் வரிசையில் நின்று வாங்கி உறை பிரிக்காமல் பூட்டி வைத்தனர். எல்லாரும் காத்த பொருளுக்கு விலை ஏது? நம்மிடையே ‘இரத்தப் படலம்’ கதை. பெல்சியத் தொடரின் பதினெட்டுப் பாகங்களையும் ‘லயன்’ 2010இல் ஒரே கறுப்பு வெள்ளைப் பெருநூலாக்கியது. குறைந்த படிகளே அச்சானதால், கிடைக்காதோர் அதற்குப் பன்மடங்கு விலை தந்தனர். 2018இல் வண்ணப் பதிப்பு வெளிவந்ததும் கதையை வாசிக்க விழைந்தோர் அதன்பால் சென்றனர். பழைய பதிப்பைத் தேடுவோர், பழையது என்பதற்காகவே தேடுவோராய்ச் சுருங்கினர். மாயாவியின் மறுபதிப்புகளும் இவ்வாறே முதற்பதிப்புக்குப் போட்டியிடும் கூட்டத்தைக் குறைத்தன. வாசகன் பிரிந்து போக, எஞ்சியிருப்பவன் சேகரிப்பாளன்.

எழுதியவனுக்கு என்ன கிடைத்தது

எழுதுவோர் நிறைந்த அவைக்கு இச்செய்தியைச் சொல்லாமல் விடலாகாது. சூப்பர்மேனைப் படைத்த செர்ரி சீகல், சோ சூசுடர் இருவரும் 1938 மார்ச்சில் பெற்ற காசோலை 412 டாலர். அதில் சூப்பர்மேன் உரிமைக்கு உரியது 130 டாலர். காசோலையில் இருவர் பெயரும் பிழையாகவே எழுதப்பட்டிருந்தன. அக்காசோலைத் தாள் 2012இல் இணைய ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போயிற்று. படைப்புக்குத் தந்த விலையை விடத் தந்ததற்கான சான்றின் விலை ஆயிரம் மடங்குக்கு மேல்!

உரிமை வழக்குகளில் தோற்று வறுமையுற்ற சீகல், 1960களின் பிற்பகுதியில் இலண்டன் வார இதழ் ஒன்றுக்கு ‘சிபைடர்’ என்னும் குற்றத் தலைவன் கதையை எழுதினார். அச்சிபைடர்தான் எண்பதுகளில் ‘லயன்’ வழியாகத் தமிழ்ப் பிள்ளைகளின் நாயகனானவன். சூப்பர்மேனின் தந்தை எழுதிய வசனத்தைத் தமிழில் நாம் வாசித்தோம் என்பது அன்று நமக்குத் தெரியாது. அட்டையில் எழுதியவர் பெயர் இருந்ததில்லை. இன்றும் ஏல விவரத்தில் நாயகன் பெயர் இருக்கும், இதழெண் இருக்கும், துரு இருக்கும். எழுதியவர் பெயரும் தமிழாக்கியவர் பெயரும் இரா. தமிழ் தந்த அவ்வாசகங்களாலேயே இக்கதைகள் நம்முடையவாயின. அவற்றைத் தந்தோரில் பலரை நாம் இழந்துவிட்டோம்.

கோட்டையூர் ரோசா முத்தையா நூலோடு நில்லாமல் நாடக அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. சித்திரக்கதைக்கு அத்தகைய வாய்ப்பு இன்னும் அமையவில்லை. பல்கலைக்கழகங்கள் இதைக் குப்பை என்றன, பாடத்திட்டத்தில் இடமில்லை. குப்பை என்று நாம் ஒதுக்கிய காலத்தில் விலைபேசி வாங்கி, நெகிழி உறையிட்டு, வேப்பிலை வைத்துக் காத்தவர் சேகரிப்பாளரே. அவர்களுள் பேராசைக்காரர் இருக்கலாம். ஆயினும் அவ்வாசை இல்லையேல் ஆய்வு செய்ய ஒரு படியும் எஞ்சாது. மறுபுறம், விலை ஏறியபின் எம் ஆய்வு மாணவர் ஓர் இதழைத் தொட்டுப் பார்க்கவும் இயலாமற் போயிற்று. இவ்விரண்டும் உண்மை. எனக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது.

சென்ற ஆண்டு இக்கரையூர் மாணவி ஒருத்தி, மறைந்த தன் மாமா சேர்த்து வைத்திருந்த கட்டொன்றைக் கொணர்ந்தாள். குடும்பத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. பழைய தாள் கடைக்காரர் எடைக்கு விலை சொல்லியிருந்தார். இருவரும் ஒரு வாரம் அமர்ந்து பக்கம் எண்ணினோம். எல்லாப் பக்கத்தையும் படமெடுத்துக் கல்லூரியில் ஒரு படி வைத்தோம். கட்டாக விற்காமல் தனித்தனியே விடுவது என்றும், பழுதை மறைப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். மிகப் பழைய இதழுக்கு நான் எழுதிக் கொடுத்த விவரம் வருமாறு: அட்டை இரண்டும் உண்டு, நடுப்பக்கம் உண்டு, முள் இரண்டும் துரு, ஓரம் வெட்டப்படவில்லை, வாடகை நூலக முத்திரை மூன்று இடங்களில், பின்னட்டையில் பென்சில் கணக்கு, தாள் பழுப்பு, நொறுங்கவில்லை, உப்புக்காற்று வாடை உண்டு. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஏலம் முடிந்தது. ஆறு பேர் கேட்டனர். விலையை வெளியிட வேண்டாமென்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் இங்கு எழுதவில்லை.